ஆற்றுக் கவசப் படகுகள்: இரும்பு போர்த்தாத இடங்களின் கதை

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிசிசிப்பி ஆற்றுக்கென்று கட்டிய ஏழு கவசப் படகுகளில் நான்கு மூழ்கியிருக்கின்றனவே, அப்படியானால் இரும்புக் கவசத்தால் பயனே இல்லையா என்பது ஒன்று. அத்தனை இரும்பையும் சுமந்துகொண்டு ஆழமில்லாத ஆற்றில் அவை எப்படி மிதந்தன என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் படகுகளில் இரும்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பழைய படங்களைப் பார்த்தால் கப்பல் முழுக்க இரும்பு போர்த்தியதுபோலத் தெரியும். உண்மையில் முகப்புச் சுவரிலும், பக்கவாட்டில் பாய்லரும் எஞ்சினும் இருக்கும் பகுதிக்கு நேராகவும், மேலே படகோட்டும் அறையிலும்தான் தகடு. பின்பக்கம், மேல்தளம், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அடிப்பகுதி எல்லாம் வெறும் மரம். ஏழு படகுகளும் போரில் பட்ட அடிகளைப் பார்த்தால், பெரிய சேதமெல்லாம் பெரும்பாலும் இந்த இரும்பில்லாத இடங்கள் வழியாகவே வந்தது. கவசம் போட்ட இடத்தில் கவசம் தன் வேலையைச் செய்தது.

கடலில் ஓடும் கப்பலுக்கு எடை கூடினால் இன்னும் இரண்டு அடி அமிழ்ந்து மிதக்கும், அவ்வளவுதான். ஆற்றில் அந்த இரண்டு அடி கிடையாது. மிசிசிப்பியின் கிளையாறுகளில் கோடையில் மணல்திட்டு தட்டாமல் போக வேண்டுமென்றால் படகு 6 அடிக்கு மேல் அமிழக்கூடாது. சரி, அமிழாமல் எடையைத் தாங்க என்ன வழி? அகலமாகக் கட்டுவதுதான். அதனால்தான் இந்தப் படகுகள் 175 அடி நீளத்துக்கு 51 அடி அகலம், தட்டையான அடிப்பாகம் என்று ஒரு மிதக்கும் மேடை மாதிரி இருந்தன. அவ்வளவு அகலப்படுத்தியும் ஒரு படகுக்குக் கிடைத்த கவசம் சுமார் 122 டன். முழுக்கப் போர்த்த அது போதாது. எங்கே போடுவது, எங்கே விடுவது என்ற கணக்குதான் வடிவமைப்பின் மையமே.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861-இல் போர் தொடங்கியபோது வடக்குத் தரப்பின் மூத்த தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் ஒரு திட்டம் சொன்னார்: தெற்கின் கடற்கரையை முற்றுகையிட வேண்டும், மிசிசிப்பியைப் பிடித்து தெற்கை இரண்டாகப் பிளக்க வேண்டும். பத்திரிகைகள் அதை மலைப்பாம்புத் திட்டம் என்று கேலி செய்தன. கேலி செய்தாலும் கடைசியில் நடந்தது ஏறத்தாழ அதுதான். ஆனால் ஆற்றைப் பிடிக்க ஆற்றில் ஓடும் போர்க்கப்பல் வேண்டுமே. கடற்படையிடம் இருந்ததெல்லாம் கடல் கப்பல்கள். அவசரத்துக்கு ஜான் ரோட்ஜர்ஸ் என்ற கடற்படை அதிகாரி சின்சினாட்டியில் மூன்று பயணிகள் நீராவிப் படகுகளை வாங்கி, 5 அங்குல ஓக் பலகை அடித்துப் பீரங்கி ஏற்றினார். டைலர், லெக்சிங்டன், கோனஸ்டோகா என்று பெயர். துப்பாக்கி ரவையை அந்தப் பலகை தடுக்கும், பீரங்கிக் குண்டைத் தடுக்காது.

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் ஈட்ஸ் வருகிறார். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த ஆள். 13 வயதோடு படிப்பை விட்டவர். 1842 முதல் மிசிசிப்பியில் மூழ்கிப்போன நீராவிப் படகுகளிலிருந்து சரக்கையும் எஞ்சினையும் மீட்டு விற்பதே தொழில். மூழ்கு கலத்துக்குள் இறங்கி ஆற்றின் அடித்தரையில் நடந்தே பார்த்தவர். படகுகள் எதனால் மூழ்குகின்றன என்பது அந்த ஆற்றில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது. இதே ஈட்ஸ்தான் பிறகு செயின்ட் லூயிஸில் மிசிசிப்பியின் குறுக்கே எஃகுப் பாலம் கட்டினார். 1874-இல் திறந்த அந்தப் பாலத்தில் இன்றும் போக்குவரத்து ஓடுகிறது.

1861 ஆகஸ்ட் 7 அன்று ஏழு படகுகளுக்கு ஒப்பந்தம் ஆனது. ஒன்றுக்கு 89,600 டாலர். அக்டோபர் 10-க்குள் ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் அபராதம். கணக்குப் பார்த்தால் இரண்டே மாதம்! மரம் அப்போதுதான் காட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்கள், தகடுகளை உருட்டும் ஆலைகளில் பாதிக்கு அந்த வேலையில் அனுபவமில்லை, ஏழு படகுக்கும் சேர்த்து 35 பாய்லர்கள் வேண்டும். ஈட்ஸ் தந்தியிலேயே பல மாநிலங்களின் மர ஆலைகளையும் இரும்பு ஆலைகளையும் பிடித்தார். செயின்ட் லூயிஸை ஒட்டிய கேரண்டலெட்டில் நான்கு படகு, இலினாயின் மவுண்ட் சிட்டியில் மூன்று என்று இரவு பகலாகக் கட்டினார்கள். அரசாங்கம் பணத்தை இழுத்தடித்தது, நடுவில் வரைபடத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. தேதி தவறியது. ஏழும் சேவையில் சேர்ந்தது 1862 ஜனவரியில். என் கணக்கில் அதுவே பெரிய சாதனை. வரைபடத்திலிருந்து போர்க்களம் வரை ஆறு மாதம் என்பது இரும்புக் கவசம் கட்டிய அனுபவமே இல்லாத ஒரு நாட்டில் நடந்திருக்கிறது.

வரைபடம் போட்டவர் சாமுவேல் பூக், கடற்படையின் கப்பல் கட்டுநர். அதனால் படகுகளுக்கு ‘பூக்கின் ஆமைகள்’ என்று பட்டப்பெயர். கெய்ரோ, கேரண்டலெட், சின்சினாட்டி, லூயிவில், மவுண்ட் சிட்டி, பிட்ஸ்பர்க், செயின்ட் லூயிஸ் என்று ஆற்றங்கரை ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் பிறகு பேரன் டிகால்ப் என்று பெயர் மாறியது. இன்னொரு வேடிக்கை: இவற்றுக்குப் பணம் கொடுத்தது கடற்படை இல்லை, தரைப்படை. கேப்டன்கள் கடற்படைக்காரர்கள், படகுகள் தரைப்படையின் சொத்து, ஆற்றில் வழிகாட்டிய பைலட்டுகளோ சம்பளத்துக்கு வந்த சாதாரணக் குடிமக்கள். 1862 அக்டோபரில்தான் எல்லாம் கடற்படைக்குக் கைமாறியது. அதுவரை ஆள் சேர்ப்பதிலிருந்து நிலக்கரி வாங்குவது வரை ஒவ்வொன்றுக்கும் இழுபறி.

இப்போது வடிவமைப்புக்கு வருவோம். தளத்தின் மேல் நாலு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்த சுவர்கள் கொண்ட ஒரு பெரிய கூடு. அதற்குள் 13 பீரங்கிகள்: முன்னால் மூன்று, பக்கத்துக்கு நான்கு, பின்னால் இரண்டு. முன்சுவரில் 2.5 அங்குல இரும்புத் தகடு, அதன் பின்னால் ஏறத்தாழ இரண்டு அடி கனத்துக்கு ஓக் மரம். இரும்பு குண்டை நிறுத்தும். மரம் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மரம் இல்லாமல் தகட்டை மட்டும் அடித்திருந்தால் வெளியிலிருந்து விழும் அடியில் ஆணிகள் பிய்த்துக்கொண்டு உள்ளேயிருப்பவர்கள் மேலேயே பாயும்.

சுவரைச் சாய்த்ததற்கு இரண்டு காரணம். சாய்வில் படும் குண்டு வழுக்கி மேலே போய்விடும் என்பது முதலாவது. இரண்டாவது வெறும் வடிவியல்: 45 பாகை சாய்த்த 2.5 அங்குலத் தகட்டை நேராக வரும் குண்டு துளைக்க வேண்டுமானால் சுமார் 3.5 அங்குல இரும்பைக் கடக்க வேண்டும். தகட்டைக் கனமாக்காமலே ஒரு அங்குலம் இலாபம். ஆனால் இந்த இலாபம் குண்டு படுக்கைவாட்டில் வந்தால்தான். மேட்டிலிருந்து கீழ்நோக்கி வரும் குண்டுக்கு அதே சாய்வு சுவரை நேர் எதிரே ஏந்திக் காட்டிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டோனல்சன் கோட்டையில் இது தேவைப்படும்.

கப்பலைத் தள்ளுவதற்குத் திருகு விசிறி வைக்க முடியாது. ஆழம் குறைவு, நீருக்கடியில் மரக்கட்டைகள் அதிகம், விசிறி உடைந்துவிடும். துடுப்புச் சக்கரம்தான். வழக்கமான ஆற்றுப் படகுகளில் அது பக்கங்களிலோ பின்முனையிலோ வெளியே தெரியும். பூக் 22 அடி விட்டமுள்ள சக்கரத்தைக் கூட்டுக்குள்ளேயே, பின்பகுதியின் நடுவில் ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டார். நல்ல யோசனை. ஆனால் நீரோட்டத்தை எதிர்த்தால் படகு திணறும், பின்னோக்கிப் போகச் சொன்னால் இன்னும் மோசம்.

எஞ்சின்கள் உயரழுத்த நீராவி வகை. மேற்கத்திய ஆறுகளில் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் எடை குறைவு, பழுது பார்ப்பது சுலபம், சேற்றுத் தண்ணீரையும் சமாளிக்கும். கெட்டது என்னவென்றால், பாய்லருக்குள் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த அழுத்தம். கடல் கப்பலில் பாய்லரை நீர்மட்டத்துக்குக் கீழே புதைத்துவிடலாம். மொத்தமே 6 அடி அமிழும் படகில் அதற்கு இடம் ஏது? ஐந்து பாய்லர்களும் தளத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றித்தான் பீரங்கிக்காரர்கள் நின்று சண்டை போட வேண்டும்.

முதல் சண்டை 1862 பிப்ரவரி 6, டென்னசி ஆற்றின் ஹென்றி கோட்டை. அதே போரில் மானிட்டர், வர்ஜீனியா என்ற இரண்டு கவசக் கப்பல்கள் மோதிய புகழ்பெற்ற சண்டையைக் கேள்வி கேட்டவர் அறிந்திருப்பார். ஆற்றுப் படகுகள் அதற்கு ஒரு மாதம் முன்பே களத்தில் இறங்கிவிட்டன. ஈட்ஸுக்கு அப்போது முழுப் பணமும் வந்து சேரவில்லை. ஹென்றி கோட்டையைப் பிடித்தது சட்டப்படி என்னுடைய சொந்தப் படகுகள் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். கோட்டை தாழ்வான கரையில் இருந்தது, ஆற்றில் வெள்ளம், பாதிக் கோட்டை தண்ணீரில். ஆண்ட்ரூ ஃபுட் என்ற கடற்படை அதிகாரி நான்கு கவசப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு முன்னேறினார். குண்டுகள் படுக்கைவாட்டில் வந்தன, வழுக்கிப் போயின. தரைப்படை சேற்றில் சிக்கி வந்து சேர்வதற்குள் கோட்டை சரணடைந்துவிட்டது.

ஆனால் அன்றைக்கே ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. நான்கில் எஸெக்ஸ் என்பது ஈட்ஸின் ஏழில் சேராத, பழைய பயணிகள் தோணியை மாற்றிக் கட்டிய படகு. அதன் முன்சுவரைத் துளைத்துப் போன ஒரு குண்டு நடு பாய்லரை உடைத்தது. உள்ளே இருந்தவர்களை வெந்நீராவி அவித்துத் தள்ளியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தீக்காயம், பலர் இறந்தார்கள்.

எட்டு நாள் கழித்து, கம்பர்லேண்ட் ஆற்றின் டோனல்சன் கோட்டை. ஃபுட் அதே உத்தியைத் திரும்பச் செய்தார். இந்தமுறை பீரங்கிகள் ஆற்றோர மேட்டின் மேல் இருந்தன. படகுகள் 400 கஜம் வரை நெருங்கிப் போனதும் எல்லாம் தலைகீழானது. அவ்வளவு கிட்டத்தில் படகின் குண்டுகள் கோட்டைக்கு மேலே பறந்துபோயின, கோட்டையின் குண்டுகளோ மேலிருந்து சாய்சுவர் மீது நேராக இறங்கின, தளத்தைத் துளைத்தன. ஃபுட்டின் தலைமைப் படகான செயின்ட் லூயிஸில் 59 குண்டுகள் பட்டன. அதில் ஒன்று படகோட்டும் அறைக்குள் புகுந்து பைலட்டைக் கொன்று ஃபுட்டையும் காயப்படுத்தியது. அந்த அறைக்குப் போட்டிருந்த இரும்பு 1.25 அங்குலம்தான், முன்சுவரில் பாதி! கப்பலின் கண்ணும் மூளையும் இருக்கும் இடத்துக்கு இவ்வளவு மெல்லிய தகடா என்று இன்று கேட்கத் தோன்றும். ஆனால் அது உச்சியில் இருக்கும் அறை. அங்கே எடையைக் கூட்டினால் படகின் ஆட்டமும் கூடும். பூக் எடுத்தது கவனக்குறைவான முடிவு என்று நான் நினைக்கவில்லை.

டோனல்சனில் ஃபுட்டைக் காப்பாற்றியது ஒரு நல்லூழ். படகுகள் நீரோட்டத்தை எதிர்த்துப் போய்ச் சண்டை போட்டன. சுக்கான் அறுந்த படகு தானாகவே எதிரியை விட்டு விலகி மிதந்து வந்துவிட்டது. மிசிசிப்பியில் அப்படி நடக்காது. அங்கே வடக்குத் தரப்பு நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் போக வேண்டும். எஞ்சின் நின்றால் ஆறே படகைக் கொண்டுபோய் எதிரியின் காலடியில் சேர்த்துவிடும். அதனால்தான் அடுத்து வந்த 10-ஆம் எண் தீவில், அதாவது மிசிசிப்பியில் தெற்குத் தரப்பு பீரங்கி வைத்துக் காத்த ஒரு தீவில், ஃபுட் அவ்வளவு தயங்கினார். கோழைத்தனம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது நியாயமான பயமாகத்தான் படுகிறது.

அந்தத் தீவைக் கடந்துபோக ஒரு படகாவது வேண்டியிருந்தது. கேரண்டலெட்டின் கேப்டன் ஹென்றி வாக் முன்வந்தார். 1862 ஏப்ரல் 4 இரவு, இடி மின்னல். இரும்பில்லாத இடங்களையெல்லாம் கையில் கிடைத்ததை வைத்து மூடினார்கள்: படகோட்டும் அறையைச் சுற்றிக் கப்பல் கயிறு, தளத்தின் மேல் சங்கிலிகள், இடப்பக்கம் நிலக்கரியும் வைக்கோலும் ஏற்றிய ஒரு தோணியைச் சேர்த்துக் கட்டினார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று ஒரு வேலை செய்தார்கள். வழக்கமாக வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாக ‘புஸ் புஸ்’ என்று போகும். அதைக் குழாய் மாற்றிச் சக்கரம் இருக்கும் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சத்தம் அடங்கியது. ஆனால் அதுவரை அந்த நீராவிதான் புகைபோக்கிக்குள் படியும் கரியை ஈரமாக வைத்திருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. காய்ந்த கரி பற்றிக்கொண்டு, இருட்டில் இரண்டு முறை புகைபோக்கியின் உச்சியில் தீப்பிழம்பு கிளம்பியது. கரையிலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். ஆனாலும் கேரண்டலெட் கடந்துவிட்டது. மூன்று நாளில் தீவு விழுந்தது.

தளத்தின் பலவீனம் தெரிந்தாயிற்று. அடிப்பகுதியின் பலவீனத்தை 1862 மே 10 அன்று பிளம் பாயின்ட் வளைவில் தெற்குத் தரப்பு காட்டியது. மோதுவதற்கென்றே மூக்கைப் பலப்படுத்திய எட்டு நீராவிப் படகுகள் காலையில் வேகமாக வந்து சின்சினாட்டியையும் மவுண்ட் சிட்டியையும் முட்டித் துளைத்தன. இரண்டும் ஆழமில்லாத இடத்தில் உட்கார்ந்தன. பிறகு தூக்கி ஓட்டினார்கள். அதற்கப்புறம்தான் நீர்மட்டத்தில் மரக்கட்டைகளைத் தொங்கவிடுவதும், கவசமில்லாத மூலைகளில் ரயில் தண்டவாளத்தைச் சாத்துவதும் வழக்கமானது. கூடுதல் எடை, கூடுதல் அமிழ்வு, குறைந்த வேகம். வேறு வழியில்லை.

மவுண்ட் சிட்டிக்கு அடுத்த மாதமே இன்னொரு அடி. ஜூன் 17, ஒயிட் ஆற்றில் செயின்ட் சார்ல்ஸ் என்ற ஊருக்கருகே கரை மேட்டிலிருந்து வந்த ஒரே குண்டு கூட்டுக்குள் புகுந்து நீராவிக் கலத்தை உடைத்தது. படகு அப்படியே மிதந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஏறத்தாழ 175 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெந்தும், பீரங்கித் துவாரங்கள் வழியாக ஆற்றில் குதித்தும் இறந்தார்கள். அந்தப் போரிலேயே ஒற்றைக் குண்டு செய்த மிகப் பெரிய உயிர்ச்சேதம் இதுதான் என்பார்கள். மூடிய இரும்புக் கூடு வெளியே இருந்து வருவதைத் தடுக்கும். உள்ளே நீராவி கிளம்பினால் அதே கூடு அதை வெளியே விடாது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். தெற்கில் தகடு உருட்ட ஆலை குறைவு; ரயில் தண்டவாளத்தைத்தான் கவசமாக அடித்தார்கள். அப்படிக் கட்டியதில் சிறந்தது ஆர்கன்சா. ஐசக் பிரவுன் என்ற அதிகாரி யாசூ ஆற்றங்கரையில், சுற்று வட்டாரத்துக் கொல்லர்களின் உலைகளையெல்லாம் கொண்டுவந்து குவித்து அதை முடித்தார். முன்னும் பின்னும் சாய்வு, பக்கங்கள் செங்குத்து, பத்துப் பீரங்கிகள். ஆனால் பின்பக்கத்துக்குத் தண்டவாளம் போதாமல் பாய்லர் தகட்டை ஒப்புக்கு அடித்திருந்தார்கள். எஞ்சின் வேறு தொல்லை. இரண்டில் ஒன்று நின்றால் மற்றது கப்பலை வட்டமடிக்க வைத்துவிடும்.

1862 ஜூலை 15 அன்று ஆர்கன்சா யாசூவில் இறங்கி வரும்போது எதிரே வந்தது வாக்கின் கேரண்டலெட், கூட டைலரும் இன்னொரு படகும். வாக் திரும்பி ஓட முடிவு செய்தார். முகத்தில் இரும்பு, முதுகில் வெறும் மரம் என்ற படகு எதிரிக்கு முதுகைக் காட்டி ஓடினால் என்னாகும்? ஆர்கன்சா பின்னாலிருந்து அடித்து அதன் சுக்கான் கயிறுகளை அறுத்துக் கரையில் ஏற்றிவிட்டது. ஆனால் ஆர்கன்சாவின் புகைபோக்கியும் சல்லடையாகிவிட்டது. புகைபோக்கிக்கு யாரும் கவசம் போடுவதில்லை. துளை விழுந்தால் அடுப்புக்குக் காற்று இழுக்காது, நெருப்பு மந்தமாகும், நீராவி விழும். 120 பவுண்ட் அழுத்தம் 20-க்கு இறங்கியது. எஞ்சின் கிட்டத்தட்டச் செத்த நிலையில், நீரோட்டத்தின் தயவில், மிசிசிப்பிக் கரையில் தெற்கின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்குக்கு மேலே நங்கூரம் போட்டிருந்த மொத்த வடக்குக் கப்பற்படைக்கும் நடுவே நுழைந்து மறுபக்கம் போய்விட்டது. அவர்கள் நிலக்கரியை மிச்சம் பிடிக்க அடுப்பை அணைத்து வைத்திருந்தார்கள். துரத்த நீராவி இல்லை. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 6, பேட்டன் ரூஜ் அருகே எஞ்சின் நின்றே போக, ஆட்கள் தாங்களே தீவைத்துவிட்டார்கள்.

1862 டிசம்பர் 12, அதே யாசூ ஆறு. கெய்ரோவின் கேப்டன் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். கண்ணிவெடிகளை அகற்றும் வேலையில் முன்னால் போன சிறிய படகு தயங்கி நின்றதும் இவர் முன்னேறிவிட்டார். அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு. வெடித்தது பெரிய ஆயுதம் ஒன்றும் இல்லை. ஐந்து கேலன் கண்ணாடிக் குப்பியில் கருமருந்தை நிரப்பி நீருக்குள் கட்டி வைத்தது, அவ்வளவுதான். கரையில் மறைந்திருந்தவர்கள் கம்பி வழியாக மின்சாரத்தால் வெடிக்க வைத்தார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 12 நிமிடத்தில் படகு ஆற்றுக்குள் போய்விட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் பேரன் டிகால்பும் யாசூ சிட்டி அருகே அதே மாதிரி கண்ணிவெடியில் போனது. ஆக, நீங்கள் சொன்ன நான்கும் முதல் முறை மூழ்கியது இரண்டு கண்ணிவெடியால், இரண்டு முட்டலால். சின்சினாட்டி மட்டும் 1863 மே 27 அன்று விக்ஸ்பர்க்கின் மேட்டுப் பீரங்கிகளிடம் சிக்கி இரண்டாம் முறை மூழ்கி, மறுபடியும் தூக்கப்பட்டது. கேரண்டலெட், லூயிவில், பிட்ஸ்பர்க் மூன்றும் மூழ்காமலே போரின் கடைசிவரை தாக்குப்பிடித்தன.

ஈட்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அடுத்த தலைமுறையைக் கட்டினார். நீயோஷோ, ஓசேஜ் இரண்டும் உயரமான கூட்டைக் கைவிட்டன. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் தாழ்வான தளம், முன்னால் 6 அங்குலக் கவசமுள்ள ஒரே சுழல்கோபுரம், அதில் இரண்டு 11 அங்குலப் பீரங்கிகள். அமிழ்வு நாலரை அடிதான். பாதுகாக்க வேண்டிய பரப்பைச் சுருக்கினால் அதே எடையில் இரும்பைக் கனமாகப் போடலாம் என்பதே இதன் தந்திரம். அதற்கடுத்த மில்வாக்கி வகையில் ஈட்ஸின் சொந்தக் கோபுரம் ஒன்று இருந்தது: குண்டு நிரப்ப வேண்டியபோது பீரங்கி நீராவி விசையில் கீழ்த்தளத்துக்கு இறங்கும், நிரப்பியதும் மேலே ஏறும். அந்தக் காலத்துக்கு அபாரமான பொறியியல். இருந்தும் 1865 மார்ச் கடைசியில் மொபீல் நகரத்துக்கு அருகே மில்வாக்கியும் ஓசேஜும் அடுத்தடுத்த நாளில் கண்ணிவெடியில் மூழ்கின. அடிப்பகுதிக்கு இன்னும் யாரிடமும் விடை இல்லை.

ஆற்றுக்கே உரிய ஆபத்து ஒன்று பாக்கி. 1864 வசந்தத்தில் ரெட் ஆற்றில் மேலேறிப்போன படை திரும்பும்போது, லூசியானாவின் அலெக்சாண்ட்ரியா அருகே பாறைகளுக்கு மேல் தண்ணீர் வற்றிவிட்டது. பத்துப் படகுகள் மாட்டிக்கொண்டன. விஸ்கான்சினின் மரவெட்டுத் தொழிலில் அனுபவமுள்ள ஜோசப் பெய்லி என்ற தரைப்படை அதிகாரி, 758 அடி அகல ஆற்றை மரமும் கல்லும் போட்டு அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினார். அதுவும் போதாமல் கவசப் படகுகளின் இரும்புத் தகடுகளைக் கழற்றி, பழைய பீரங்கிகள் சிலவற்றோடு ஆற்றுக்குள் தள்ளினார்கள். மே 9 அன்று அணையின் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போக, அந்த வெள்ளத்திலேயே நான்கு படகுகள் பாய்ந்து இறங்கின. மேலும் சில தடுப்புகள் கட்டி மே 13-க்குள் மீதியும் தப்பின.

இவைதான் உலகின் முதல் கவசக் கப்பல்களா என்று கடைசியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இல்லை. 1855 அக்டோபர் 17 அன்றே கிரிமியப் போரில் பிரான்சின் மூன்று கவச மிதவைகள் டினீப்பர் முகத்துவாரத்தில் கின்பர்ன் கோட்டையை நொறுக்கின. அவை இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டியவை. ஆற்றுக்குள் தாமாகவே ஓடிச் சண்டையிட்ட கவசப் படை என்றால் மிசிசிப்பிதான் முன்னோடி. அடுத்த பெரிய உதாரணம் தென் அமெரிக்காவில். பராகுவே போரில் உமைட்டா கோட்டையைக் கடக்க பிரேசில் ரியோ டி ஜெனிரோவில் பாரா வகைச் சிறிய மானிட்டர்களை, அதாவது தாழ்வான தளமும் சுழல்கோபுரமும் கொண்ட கவசக் கப்பல்களை, கட்டியது. 43 ஆட்கள், ஒரே பீரங்கி, கையால் சுற்றும் கோபுரம். 1868 பிப்ரவரி 19 இரவு மூன்று பெரிய கவசக் கப்பல்கள் ஆளுக்கொரு மானிட்டரைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு மேலேறின. அலகோவாஸ் மானிட்டரின் கட்டு அறுந்து, நீரோட்டம் அதைத் திரும்பக் கீழே இழுத்துவந்தது. கேப்டன் பின்வாங்காமல் தனியாகவே மறுபடி கோட்டைக்கு எதிரே ஏறிப் போனார். சுமார் 200 அடி வாங்கியும் கடந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே அதில் அடிப்பதற்கு இருந்ததே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்கும் நல்ல கனத்தில் இரும்பு இருந்தது. அதே போரில் 1866 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோ என்ற பிரேசில் கவசக் கப்பலை மூழ்கடித்தது, வழக்கம்போல, கண்ணிவெடி.

நேரில் பார்க்க விரும்பினால் இரண்டு இடம் சொல்கிறேன். கெய்ரோவை 1956-இல் சேற்றுக்கடியில் கண்டுபிடித்து, 1964-இல் மூன்று துண்டாக வெளியே எடுத்தார்கள். விக்ஸ்பர்க் தேசியப் பூங்காவில் அதன் கவசமும் பீரங்கிகளும் எஞ்சின்களும், மாலுமிகளின் தட்டு முட்டுச் சாமான்களும் இருக்கின்றன. 1871-இல் கட்டிய டான்யூப் மானிட்டரான லெய்தாவைப் புடாபெஸ்டில் பழுது பார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய்ச் சுழல்கோபுரத்தையே கிட்டத்தில் பார்க்கலாம்.